103 டிகிரி, மூன்றாம் நாள்

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியாரும் நானும்தான். ஐப்பசி மழை பிடித்ததும் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் இரவே 103 காட்டியது. மெடிக்கலில் வாங்கிய சிரப்பைக் கொடுத்தால் இறங்கும், நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். மாமியார் கம்பளியைப் போர்த்தி ஜன்னலைச் சாத்தினார், கஞ்சியைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். நான் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டேன், வெடவெடவென்று நடுங்கினான். ஒன்றரை வயதில் ஒரு முறை அவனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறது. அதிலிருந்து உடம்பு சுட்டாலே எனக்குத் தூக்கம் கிடையாது. இந்த முறை நான்காம் நாள் தானாக விட்டுவிட்டது. ஆனால் மழைக்காலம் இன்னும் முடியவில்லையே! எத்தனை டிகிரி வந்தால் பயப்பட வேண்டும்? காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடுமா? மறுபடி வலிப்பு வந்தால் என்ன செய்வது? நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா?

பதில் தருபவர்: தஞ்சாவூரைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் தேறிவிட்டான் என்பதில் மகிழ்ச்சி. வீட்டில் அமைதியாக இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டது ரொம்ப நல்லது. நடு ராத்திரியில் குழந்தை கொதித்துக்கொண்டிருக்கும்போது யார் சொன்னாலும் மண்டையில் ஏறாது.

முதல் கேள்விக்கு நேரான பதில்: மூன்று மாதம் தாண்டிய குழந்தைக்கு இத்தனை டிகிரி வந்தால் ஆபத்து என்று ஒரு கோடு கிடையாது. 103 காய்ச்சலோடு வந்து என் மேசை மேல் இருக்கும் டார்ச்சைப் பிடுங்கி, ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துப் பார்க்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருப்பதில்லை. 100 டிகிரிதான் இருக்கும், ஆனால் அம்மா தோளில் துவண்டு கிடக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது, பிஸ்கட்டை நீட்டினால் கை நீளாது. அந்தக் குழந்தையை வரிசையில் உட்கார வைக்காமல் உடனே உள்ளே அழைப்போம். இந்த மழை மாதங்களில் நான் தாய்மார்களிடம் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான்: "இன்னைக்கு எத்தனாவது நாள்? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" டிகிரியை அதற்கு அப்புறம்தான் கேட்பேன்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு மட்டும் கணக்கு வேறு. 100.4 வந்தாலே, பால் நன்றாகக் குடித்தாலும் சரி, இரவு பன்னிரண்டு மணி ஆனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். அந்த வயதில் கிருமி ரத்தத்தில் பரவினாலும் வெளியே அடையாளம் தெரியாது. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனால் தெருவில் பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இனி, காய்ச்சல் ஏன் ஏறி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவை மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்பி, உடம்பின் வெப்ப அளவை உயர்த்தச் சொல்கின்றன. பல கிருமிகளுக்கு அந்தச் சூட்டில் பெருகுவது சிரமம். ஆக, காய்ச்சலை வரவைப்பதே உடம்புதான். ஹைப்போதலாமஸ் 103 என்று முடிவு செய்துவிட்டால், உடம்பு அந்த அளவைத் தொடும்வரை குழந்தைக்குக் குளிர்கிறது. கைகால் சில்லிட்டுப் போகும், தலையும் வயிறும் மட்டும் சுடும், உடம்பு நடுங்கும். "தலை நெருப்பா கொதிக்குது, கால் மட்டும் ஐஸா இருக்கு டாக்டர்" என்று பதறுவது இந்த நேரத்தில்தான். அந்த அளவைத் தொட்டதும் கைகாலும் சுடும். இறங்கும்போது வியர்க்கும்.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் நடந்த கம்பளி, ஐஸ் தண்ணீர் சண்டைக்கும் தீர்ப்பு கிடைத்துவிடும். குளிர் ஏறும் நேரத்தில் ஒரு மெல்லிய போர்வை போர்த்துவதில் தப்பில்லை. அந்த வரைக்கும் மாமியார் சொன்னது சரி. நடுக்கம் நின்று உடம்பு முழுக்கச் சுட ஆரம்பித்ததும் கம்பளியை எடுத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃபேன் மெதுவாக ஓடட்டும். ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம். உள்ளே 103 வேண்டும் என்று உடம்பு கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே குளிர வைத்தால், இன்னும் அதிகமாக நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். அவன் வெடவெடத்தது அதனால்தான். துணியால் துடைக்க ஆசைப்பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். அதுவும் பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து, பையனுக்கு அது இதமாக இருந்தால் மட்டும். அழுதால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை.

மூளைக்கு ஏறுமா என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தொற்றால் வரும் காய்ச்சலை அதே ஹைப்போதலாமஸ் கட்டுக்குள் வைத்திருக்கிறது. 106 டிகிரியைத் தாண்டுவது மிக அரிது. மூளையைப் பாதிக்கும் சூடு அதற்கும் மேலே, 107, 108 பக்கம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு வருவது அந்தச் சூடு. அது காய்ச்சலே கிடையாது, வெப்ப வாதம். மூளைக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கிருமியே நேராக மூளையையோ அதன் உறையையோ தாக்குகிறது. சாதாரணக் காய்ச்சல் முற்றிப் போய் அப்படி ஆவதில்லை.

தெர்மாமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனி தோலில் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, 'பீப்' சத்தம் வரும்வரை விடக்கூடாது. சட்டை மடிப்பு நடுவில் மாட்டிக்கொண்டால் தப்பாகக் காட்டும். அக்குளில் வாயைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகவே தெரியும். அதற்காகக் கூட்டிக் கழித்துக் குழம்ப வேண்டாம், பார்த்ததை அப்படியே எழுதி வையுங்கள். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் குழந்தைகள் பக்கம் கொண்டுபோக வேண்டாம். புறங்கையால் தொட்டுப் பார்ப்பதையும் நான் கேலி செய்ய மாட்டேன். அம்மாக்கள் "சுடலை" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "சுடுது" என்று சொன்னால் மட்டும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

இப்போது மருந்து. இதில்தான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மருந்து விஷயத்தில் வீடுகளில் நடக்கும் தவறுகள் காய்ச்சலைவிடப் பெரிய தொல்லை கொடுக்கின்றன.

குழந்தைகளின் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும். அளவை வயதை வைத்துச் சொல்லக் கூடாது, எடையை வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் பையன் 12 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் பாட்டிலில்தான் ஆரம்பிக்கிறது. கடையில் பாராசிட்டமால் பல அளவுகளில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும் சிரப் ஒன்று. அதில் அவனுக்கு 7 மில்லி. 5 மில்லியில் 250 இருக்கும் சிரப் இன்னொன்று; அதில் மூன்றரை மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து மூன்றாவது. அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், அவனுக்கு 1.8 மில்லி போதும். சொட்டு மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்து, சிரப் என்று நினைத்து 7 மில்லி ஊற்றினால் 700 மில்லிகிராம் உள்ளே போகிறது, கிட்டத்தட்ட நாலு மடங்கு. இதற்கு நேர்மாறாக, போன வருஷம் 8 கிலோவாக இருந்தபோது எழுதிக் கொடுத்த அளவையே இந்த வருஷமும் கொடுத்துவிட்டு "மருந்து கேக்கவே மாட்டேங்குது டாக்டர்" என்று வருபவர்களும் நிறைய.

அதனால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் ஒரே அளவுப் பாட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுப் பிளாஸ்திரியில் பையன் எடையும், இத்தனை மில்லி என்பதும், எழுதிய தேதியும் குறித்துப் பாட்டில் மேல் ஒட்டிவிடுங்கள். மாமியார் கொடுத்தாலும் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாலும் அளவு மாறாது. அளப்பதற்குப் பாட்டிலோடு வரும் மூடியை வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குப் பிடித்துப் பாருங்கள், அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை பார்த்து அளவை மாற்றி எழுதுங்கள். அங்கன்வாடியில் எடை மெஷின் இருக்கிறது.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் நாலு முதல் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், நாலு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த பின் வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 103 இருந்தது 101 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். 98-க்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறியதைப் பார்த்து மருந்து சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். மருந்தின் வேலை அவ்வளவுதான்: அது கிருமியைக் கொல்வதில்லை, அவன் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவும் தூங்கவும் வழி செய்கிறது. அதனால்தான் 101 இருந்தும் விளையாடிக்கொண்டிருந்தால் மருந்தே தேவையில்லை என்று சொல்கிறோம். தூங்குகிற பிள்ளையை எழுப்பியும் கொடுக்க வேண்டாம்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்ந்த கூட்டு சிரப்பைக் கவனியுங்கள். அவற்றில் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடும். அது ஈரலைக் கெடுக்கும். இந்தக் கூட்டு மருந்துகளில் சேர்க்கும் குளோர்பெனிரமின், ஃபெனைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அறிவுறுத்திவிட்டது. நிமிசுலைடு என்ற காய்ச்சல், வலி மாத்திரையை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடை செய்தாகிவிட்டது. பெரியவர்களுக்கு வாங்கி வைத்ததை உடைத்துக் கால் மாத்திரை கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினும் கூடாது. இபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் இரண்டும் பாராசிட்டமாலைவிட வேகமாக இறக்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று தெரியாமல் அவற்றைத் தொடாதீர்கள். டெங்குவில் ரத்தக்கசிவை அவை கூட்டும். அதே காரணத்துக்காகத்தான் காய்ச்சலுக்கு இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியையும் வேண்டாம் என்கிறோம். "ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று யாராவது சொன்னால் "எங்க டாக்டர் வேணாம்னு சொல்லிட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். மெடிக்கலில் காகிதத்தில் மடித்து, பெயர் தெரியாத நாலு மாத்திரையை ஒரு வேளைக்கு என்று கொடுப்பார்களே, அதையும் வாங்காதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் மறைந்துவிடும், நோய் அங்கேயே இருக்கும். ஆன்டிபயாட்டிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வைரஸ் காய்ச்சலுக்கு அது பயன்படாது. போன முறை மீந்த அரை பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வலிப்புக்கு வருவோம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரியவர்கள் ஜன்னி என்பார்கள். கண் மேலே செருகி, கைகால் விறைத்து வெட்டும்; பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்த் திரும்பும். ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். மூளை வளர்ச்சியோ படிப்போ இதனால் கெடுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னாளில் கால்-கை வலிப்பு நோயும் வருவதில்லை. ஒரு முறை வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குத்தான் மறுபடி வரும். குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதில் வந்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கணவருக்கே வந்திருக்கலாம்.

அடுத்து சொல்லப்போவதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். மணிக்கணக்குத் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தாலும் வலிப்பைத் தடுக்க முடியாது என்பது ஆராய்ச்சிகளில் தெளிவாகிவிட்டது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே அன்று நீங்கள் தூங்கிவிட்டதால் வந்தது, மருந்து தாமதமானதால் வந்தது என்று உங்களையே குறைசொல்லிக்கொள்ளாதீர்கள். இரவு முழுக்கத் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருப்பதாலும் தடுக்க முடியாது. அவன் பக்கத்தில் படுத்துத் தூங்குங்கள்.

மறுபடி வந்தால்: தரையில் பாயில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. சாவியோ இரும்போ கையில் கொடுப்பதால் எதுவும் நிற்பதில்லை. எப்படியும் இரண்டு நிமிடத்தில் நின்றிருக்கும் வலிப்புக்குச் சாவிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. வெங்காயம், செருப்பு முகர வைப்பதும் அதே கதைதான். அதில் போகும் நேரத்தில் யாராவது செல்போனில் வீடியோ எடுத்தால் எங்களுக்கு ரொம்ப உதவி. இரண்டு பக்கமும் வெட்டியதா, ஒரு பக்கம் மட்டுமா என்று அதில்தான் தெரியும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலோ, நின்று ஒரு மணி நேரம் ஆகியும் தெளியாவிட்டாலோ பெரிய ஆஸ்பத்திரிதான். நீண்ட வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே உண்டு. உங்கள் பையனுக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா என்று அவனைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு வந்ததைச் சாக்காக வைத்துத் தடுப்பூசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நாள் கணக்கைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அது ஏன் என்று இப்போது விளக்குகிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை நம் பகுதியில் மூன்று காய்ச்சல்கள் சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரியே ஆரம்பிக்கின்றன. முதல் இரண்டு நாளில் எந்த டாக்டராலும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலாவது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. வாய்க்கால் சேற்றில் வளராது, வீட்டைச் சுற்றி நிற்கும் நல்ல தண்ணீரில் வளரும். கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய் மூடி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு என்று எங்கே வேண்டுமானாலும். டெங்குவில் காய்ச்சல் இருக்கும் நாட்களைவிட விடும் நாள்தான் கண்டம். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் சட்டென்று இறங்கும். "விட்டுடுச்சு, இனி கவலையில்லை" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் அதே நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது. குழந்தை சோர்ந்து போகும், வயிற்றை வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும், வாந்தி நிற்காது, கைகால் ஜில்லென்று ஆகும், சிறுநீர் குறையும், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியலாம். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை எழுந்து விளையாடாமல் சோர்ந்தே கிடந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று தள்ளக் கூடாது. உங்கள் பையனுக்கு நான்காம் நாள் விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டதும் சாப்பிட்டு ஓடியாடினான் என்றால் நிம்மதி.

ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை, முதல் ஐந்து நாட்களுக்குள் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பார்ப்பார்கள். அதற்கு அப்புறம், உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை லேபுக்கு ஓடுகிறவர்கள் அதே காகிதத்தில் இருக்கும் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியைப் பார்ப்பதில்லை. நீர் கசிகிறதா என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது அதுதான்.

இரண்டாவது, பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடும் ஸ்க்ரப் டைஃபஸ். வரப்புப் புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் வலியும் அரிப்பும் இல்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், சிகரெட்டால் சுட்ட புண் மாதிரி. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், குழந்தைகளுக்கு முக்கியமாக அரைஞாண் கயிற்றுக்கு அடியில். கயிற்றைத் தூக்கிப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது. ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாத பிள்ளையை வெளிச்சத்தில் நிற்க வைத்து, எல்லா உடுப்பையும் கழற்றி, தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் புள்ளியைக் காட்டினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் அடங்கிவிடும்; கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை என்று பரவும்.

மூன்றாவது எலிக்காய்ச்சல். உங்கள் பையன் வயதில் அபூர்வம். தேங்கிய வயல் தண்ணீரில் கால் நனைக்கும் பெரிய பிள்ளைகளுக்கு வரும். கண் சிவந்து, கெண்டைக்கால் வலி கடுமையாக இருந்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காய்ச்சலும் மூன்று நாளைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் எண்ணாமல் உடனே ஓட வேண்டியவையும் உண்டு. குடித்ததெல்லாம் வாந்தி, எதையுமே குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாத மயக்கம், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாதது, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு. மூச்சும் முக்கியம்: சட்டையைக் கழற்றிவிட்டு, அழாத நேரத்தில், ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவன் வயதுக்கு 40-க்கு மேல் போனாலோ, விலா எலும்புக்குக் கீழ் குழி விழுந்தாலோ நிமோனியா இருக்கலாம். உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளி இருந்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். உங்கள் ஊருக்குக் கும்பகோணம் அரசு மருத்துவமனை பக்கம். பெரிய அளவில் பார்க்க வேண்டியிருந்தால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையோ திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இருக்கிறது. ராத்திரியில் போகலாமா வேண்டாமா என்று யோசனையாக இருந்தால் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

இனி மாமியார் சமாச்சாரம். கஞ்சி நல்லதுதான், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைவிடச் சுலபமாக உள்ளே இறங்கும் ஆகாரம் கிடையாது. ஆனால் கஞ்சியைத் தவிர ஒன்றும் கூடாது என்பதை ஏற்க மாட்டேன். இட்லி, ரசம் சாதம், இளநீர், மோர், வாழைப்பழம், பால், எது கேட்டாலும் கொடுக்கலாம். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் குறையக் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நீராகாரம் போக வேண்டும், காய்ச்சலில் இன்னும் கூடுதலாக. ஒரே மூச்சில் குடிக்க மாட்டான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன் என்று ஊட்டுங்கள். வாந்தி, பேதி இருந்தால் ஓஆர்எஸ் பொடியை, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டும் போட்டுக் கலக்குங்கள். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். மந்திரித்து விபூதி பூசட்டும், சுற்றிப் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. டாக்டரிடம் வர வேண்டிய நாளை அது தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. வேப்பிலை கட்டும் அம்மைக் காய்ச்சலுக்கும் இதையேதான் சொல்வேன். அம்மன் வந்திருக்கிறாள் என்று டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். தட்டம்மையில் நிமோனியா வரும், வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றி: பெரியவர்கள் குடிக்கட்டும். இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் கசப்பில் வாந்தி எடுத்து, அதுவரை குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடும். அதற்கு அப்புறம் டம்ளரைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வான். பப்பாளி இலைச் சாற்றுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக, அங்கன்வாடிக்கு எப்போது அனுப்பலாம் என்பது. மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல், வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் அனுப்பலாம். டெங்கு என்று சந்தேகம் இருந்திருந்தால் மட்டும் விட்ட பிறகு மேலும் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.